டின்பால் டப்பா கட்டிய டிராக்டர்

செத்துப்போன டிராக்டர் ஒன்றை அப்பா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். டிராக்டரின் மேல் எனக்கு வருத்தமில்லை. அது பாவம், தானாக ஒரு அடி நகர முடியாத நிலையில் வந்து சேர்ந்தது. குற்றமெல்லாம் கூரைத் தகரத்தில்தான்.

மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில், வரிசை வீடுகளான லயங்களில் எங்களுடையது கடைசி, அதில் எங்கள் அறையும் கடைசிக் காம்பரா. சமைக்கிற பக்கத்துக்கு மேலே கிடந்த தகரம் வெள்ளைக்காரத் துரை காலத்தது. அதில் ஒழுக்கு இல்லாத இடம் நிறைய இருந்தது, ஆனால் இருந்த ஒரே ஒழுக்கு நேராக அடுப்பின் மேல். அடுப்பை நகர்த்தலாமென்றால் இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் விறகு. “இந்த மழைக்கு முந்தி மாத்திப்புடலாம்” என்று அப்பா ஒவ்வொரு மழைக்கு முந்தியும் சொல்வார். ஒருவழியாக ஒருநாள் பஸ்ஸின் மேல் போட்டுப் புதுத் தகரம் கொண்டுவந்தே விட்டார். அம்மா அதை விரலால் தட்டிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்தாள். அதே கிழமையில், வாரம் முடிவதற்குள், டிராக்டரும் வந்து தொலைந்தது.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் டிரைவராக இருந்தவர். மலையில் பெண்கள் பறித்த கொழுந்தை மடுவக் கொட்டகையில் எடை நிறுத்துச் சாக்கில் கட்டி வைப்பார்கள். அந்தச் சாக்குகளைப் பெட்டியில் ஏற்றித் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கொண்டுபோவது அவர் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த ஒரே வண்டிதான். பிறகு தோட்டத்துக்கு லொறி வந்தது. டிராக்டரை ஸ்டோருக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள், அப்பாவின் முதுகில் மருந்து டாங்கியைக் கட்டிப் புல்லுக்கு மருந்தடிக்க அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் வேலை முடிந்து நேர்வழியில் வீட்டுக்கு வராமல், தினமும் ஸ்டோரின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவார். வண்டியின் மேல் படரும் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருவதாக மாமா ஒருமுறை போட்டுக்கொடுத்தார்.

பழைய இரும்பு எடுக்கும் முஸ்லிம் நானா லொறியோடு வந்து அதை வெட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அப்பா மருந்து டாங்கியோடு அப்படியே ஓடிப்போய் நின்றாராம்.

“இத வெச்சு என்ன செய்யப் போறீங்க? ஓடாதே இது” என்று நானா கேட்டிருக்கிறார்.

“ஓடும் நானா.”

இரும்பு விலைக்கே கொடுத்து, தன் லொறியிலேயே கட்டி இழுத்து வந்து, எங்கள் காலி மாட்டுக்கொட்டிலில் விட்டுவிட்டுப் போனார் அந்த மனிதர். சக்கரத்தில் காற்றில்லை. ஒரு கண் லைட் இல்லை. நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயில் துருப்பிடித்த டின்பால் டப்பா ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தது. வண்டி நிற்கும்போது மழைத்தண்ணீர் இறங்காமல் அந்த டப்பாவைத்தான் குழாயின் வாயில் கவிழ்ப்பார்கள். ஓடும்போது அது பாட்டுக்குப் பக்கத்தில் தொங்கிக் குழாயில் இடித்துக்கொண்டே வரும்.

கொட்டிலுக்குக் கூரை பாதிதான். பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. அப்பா வெளியே பார்த்தார், உள்ளே பார்த்தார், சுவரில் சாய்த்திருந்த புதுத் தகரத்தைப் பார்த்தார். கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிலின் மேல் போட்டுக் கல் வைத்தார். “ரெண்டு நாளைக்குத்தான்” என்றார்.

அம்மா கையில் பிசைந்த ரொட்டி மாவோடு நின்றாள். “நல்லது. இனிமே அதுகிட்டயே சோறு கேட்டு வாங்கித் தின்னுங்க. அதுகிட்டயே பேசிக்கிட்டும் இருங்க.”

அதோடு சரி.

சோறு போடாமல் இருந்துவிடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். வேளைக்கு எல்லாம் நடந்தது. பேச்சுத்தான் இல்லை. அடுத்த மழைக்கு அம்மா எங்கள் கறுப்புக் குடையை விரித்து, அடுப்புக்கு மேலே கூரைக் கழியில் தலைகீழாகாமல் கட்டிவிட்டு, அதன் கீழே உட்கார்ந்து ரொட்டி சுட்டாள். லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. பக்கத்துக் காம்பராப் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு, “அடியே, சாமிக்குத்தான் குடை புடிப்பாங்க, நீ அடுப்புக்குப் புடிச்சுட்டியே!” என்று சிரித்தாள். அப்பா வெளியே ஸ்பேனரோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது அவருக்கு.

இதில் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது. இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அப்பா என்னைச் செல்லமாக ஆயி என்றுதான் கூப்பிடுவார்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, தேத்தண்ணி ஆறுது.”

“அப்பா, தேத்தண்ணி ஆறுதாம்.”

“கேட்டுச்சுன்னு சொல்லு ஆயி.”

“அம்மா, கேட்டுச்சாம்.”

“கேட்டா வந்து குடிக்கச் சொல்லு. எண்ணெயும் கையுமா நிக்கிறவங்களுக்கு இங்க யாரும் தூக்கிட்டு வர மாட்டாங்க.”

எல்லாம் ஒரே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. பெரியவர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களே! ஆனால் கிழமைகள் போகப்போக எனக்கு அலுத்துவிட்டது. நான் பாடசாலையில் இருக்கும் நேரம் இவர்கள் என்ன செய்வார்கள் என்று கவலையாகவும் இருந்தது. ஒருநாள் கோயிலில் விபூதி வாங்கும்போது, இந்தச் சனியன் பிடித்த டிராக்டர் சீக்கிரம் ஓடிவிட வேண்டும், ஓடினால் அம்மா பேசிவிடுவாள் என்று வேண்டிக்கொண்டேன். அப்பாவின் கணக்கும் அதேதான் என்று நினைக்கிறேன். வண்டி ஓடுவதை அவள் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. நோர்வூட்டில் ஒரு கராஜில் வேலை. “நோர்வூட்டுல நம்ம கை படாத வண்டி கிடையாது” என்பது அவர் தினம் சொல்லும் வசனம். அக்காவுக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்தார். கொட்டிலை எட்டிப் பார்த்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த டிராக்டருக்கு அடியில்தான் கிடந்தார். “கூடப் பொறந்ததும் அந்தப் பக்கம் போயிருச்சு” என்று அம்மா சட்டியிடம் சொன்னாள்.

என்ஜின் இறுகிப்போய்க் கிடந்தது. அப்பா மேலே திறந்து, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். தினம் வேலையால் வந்ததும் கியரில் போட்டுப் பெரிய சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவார். அது அசையாது. தொட்டிலை ஆட்டுகிற மாதிரி அவ்வளவு பொறுமையாக ஆட்டுவார். காற்று இழுக்கிற பெட்டியைத் திறந்தபோது உள்ளே எலி குட்டி போட்டிருந்தது. அந்தக் குட்டிகள் கண் திறந்து போகிற வரைக்கும் அந்தப் பக்கம் வேலையே நடக்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள். அதனால்தான் அம்மா பேசாமலே இருந்தாளோ என்னவோ.

ஒருநாள் சாயந்திரம் சக்கரத்தை ஆட்டும்போது உள்ளே ‘க்ளக்’ என்று ஏதோ விட்டுக்கொடுத்தது. அப்பா உடனே வீட்டுப் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். பிறகு ஞாபகம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

“ஆயி, அம்மாகிட்ட சொல்லு, என்ஜின் சுத்துது.”

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா விறகை உள்ளே தள்ளினாள். “என் பேசினையும் சுத்தி வரச் சொல்லு” என்றாள். துணி துவைக்கிற பேசினில் அப்பா கியர்ச் சாமான் கழுவிக்கொண்டிருந்தார். ஒழுக்குக்கு வைக்கிற பாத்திரமும் அந்தப் பேசின்தான். அது போனதால் குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் நேரே தரையில் விழுந்து சகதியாகிக்கொண்டிருந்தது.

பெயிண்ட் கோயிலிலிருந்து வந்தது. கும்பாபிஷேகத்துக்கு வாங்கி மிஞ்சியது. அதனால் எங்கள் டிராக்டரின் உடம்பு அம்மன் கோயில் கதவு மாதிரி நீலம், சக்கரம் மஞ்சள், சீட்டு மட்டும் நந்திக்கு அடித்த வெள்ளை. நான் சக்கரத்துக்கு அடித்தேன். உலகத்தில் அதைவிட அழகான வண்டி இருக்க முடியாது என்று நினைத்தேன், இன்றைக்கும் அந்த எண்ணத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை.

எல்லாம் முடியும் தறுவாயில் மாமா நோர்வூட்டிலிருந்து ஒரு புதுப் புகைக்குழாய் கொண்டுவந்தார். வெள்ளியாகப் பளபளத்தது. வாயில் தானாகத் திறந்து மூடும் மூடி வேறு. பழைய குழாயைக் கழற்றி, கம்பியை வெட்டி, டின்பால் டப்பாவைத் தண்ணீர் போகிற கானில் வீசினார். அப்பா வந்து புதுக் குழாயைத் தடவிப் பார்த்து, “ஜோரா இருக்கு மச்சான்” என்றார். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கிழமையே ஒரு மழை நாளில் நான் பாடசாலை விட்டு வந்தபோது, குடையிலிருந்து சொட்டுகிற இடத்தில் அந்த டப்பா இருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. டிங், டிங் என்று சொட்டிக்கொண்டிருந்தது. கம்பி கோக்க அடியில் போட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் அப்படியே தரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“அம்மா, இதுல ஓட்டை இருக்கு.”

“தெரியும்.”

“தண்ணி எல்லாம் கீழதான் போவுது.”

“போனாப் போவட்டும். இருக்கட்டும் அது.”

சரி, கோபத்தில் அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு வண்டியைக் கிளப்பினார்கள். அம்மா அன்றன்றே கொடுக்கும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்தாள். லயத்து ஆண்கள் எல்லோரும் கூடினார்கள். என் கையில் டீசல் பம்பின் சின்ன விசையைக் கொடுத்து, குமிழி நிற்கிற வரைக்கும் அமுக்கச் சொன்னார் மாமா. கட்டைவிரல் வீங்க அமுக்கினேன். பெரியம்மா ஒரு தேங்காயைச் சுற்றி உடைத்தாள். பிறகு எல்லோரும் தள்ள, வண்டி இறக்கத்தில் உருண்டது. அப்பா கிளட்சை விட்டார். இருமியது, ஒரு கறுத்த புகை, இன்னொரு இருமல். அப்புறம் பிடித்துக்கொண்டது பாருங்கள்! லயம் முழுக்கக் கூச்சல். அப்பா சிரிக்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்து, கிரீஸை முகமெல்லாம் அப்பிக்கொண்டார். அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

என்னைப் பெரிய சக்கரத்து மட்காட்டில் ஏற்றி உட்காரவைத்தார். “மலைக்குப் போவோம்” என்றார்.

முனியாண்டி கல் இருக்கிற, பாதை திரும்பும் முடக்கு வரைக்கும் ஏறினோம். அந்த முடக்குக்கு மேலேதான் அன்றைக்குக் கொழுந்தெடுத்தார்கள். நீலமும் மஞ்சளுமாக நாங்கள் வந்து நின்றதும் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கையாட்டினார்கள், ஒருத்தி விசிலே அடித்தாள். அம்மா மட்டும் குனிந்தது குனிந்தபடி இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். அம்மா ஒரு வரிசை முடித்து முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்பா என் முழங்காலைப் பிடித்தார்.

“வேணாம் ஆயி. அவளாப் பாக்கட்டும்.”

அவள் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கினோம். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. வண்டியும் ஓடிவிட்டது, வேண்டுதலும் பலித்துவிட்டது, இனிமேல் வேண்டிக்கொள்ள என்ன இருக்கிறது? இந்த வீட்டில் இனிச் சாகும் வரைக்கும் நான்தான் பேச வேண்டும் போல என்று நினைத்தபோது அழுகை அழுகையாக வந்தது.

“அக்காவுக்கு ரோஷம் மச்சான், விடுங்க” என்று சொல்லிவிட்டு மாமா பஸ் ஏறினார்.

பின்னேரம் அம்மா வந்து கூடையை இறக்கினாள். கால் கழுவினாள். அடுப்பை மூட்டினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “உங்கப்பாகிட்ட கேளு, இன்னிக்கி மலைக்கு வந்தது யாரு வண்டின்னு.”

“அப்பா, இன்னிக்கி மலைக்கு வந்தது யாரு வண்டியாம்?”

“நம்ம வண்டி...” என்று ஆரம்பித்தார் அப்பா.

“நம்ம வண்டின்னா முடக்குல வர்றப்பவே சத்தத்துல தெரியும்னு சொல்லு. தல நிமுந்து பாக்கத் தேவையில்லன்னு சொல்லு. இது வேற யாரு வண்டியோ.”

நான் சொல்லத் திரும்பினேன். அப்பாவின் முகம் மாறிப்போயிருந்தது. எழுந்து வெளியே போனார். கொட்டிலில் அந்தப் புதுக் குழாயை மேலிருந்து கீழே தடவினார். அப்புறம் கானுக்குள் இறங்கிவிட்டார். தூறல் ஆரம்பித்திருந்தது. குனிந்து குனிந்து புல்லை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார்.

“என்னப்பா தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லாததை நானும் கூடத் தேடினேன். என்னவென்று சொல்லியிருந்தால் அது எங்கே இருக்கிறது என்று நான் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். பெரியவர்களிடம் இதுதான் தொல்லை. தூறல் மழையாகி, இரண்டு பேரும் தெப்பமாக நனைந்து திரும்பி வந்தோம்.

அப்பா இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி அடுப்படி வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே டிங், டிங் என்று கேட்டது. குடையின் நுனியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக அந்த டப்பாவில் விழுந்துகொண்டிருந்தது. அம்மா திரும்பவில்லை. ரொட்டியைப் புரட்டிப் போட்டாள். அப்பா டப்பாவைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது, அவர் வேட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் வாசலில் குளமாகிவிட்டது.

மறுநாள் அப்பா வேலைக்குப் பேர் போடப் போகவில்லை. நான் பாடசாலையிலிருந்து வந்தபோது கொட்டிலின் மேல் தகரம் இல்லை. டிராக்டர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதில் பழைய குழாயே மறுபடியும் ஏறியிருந்தது, வாய் திறந்தபடி. புதுத் தகரமெல்லாம் அடுப்படிக்கு மேலே. அப்பா அதன் மேல் உட்கார்ந்து கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா மலையிலிருந்து வந்தாள். உள்ளே போனாள். குடையை அவிழ்த்து மடக்கி ஆணியில் மாட்டினாள். வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே, எதிர்மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா கூரையிலிருந்து இறங்கி வாசலில் வந்து நின்றார்.

அம்மா டப்பாவைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் வழக்கம்போல நடுவில் நின்று கையை நீட்டினேன். அவள் என் தலைக்கு மேலாக நீட்டி அப்பாவின் கையில் அதைக் கொடுத்தாள்.

“மழ வருது. கொழாய மூடிட்டு வாங்க.”

எனக்குப் பெரிய ஏமாற்றம். இத்தனை கிழமை வாயைக் கட்டிவிட்டு, பேசத்தான் பேசுகிறாய், கொஞ்சம் பெரிய பேச்சாகப் பேசக்கூடாதா? ‘வண்டி நல்லா இருக்கு’ என்று சொல்லலாம். ‘கூரைக்கு ரொம்ப சந்தோஷம்’ என்று சொல்லலாம். மழையைப் பற்றித்தானா? அப்பா என்னவோ கையில் தங்கம் கிடைத்த மாதிரி இரண்டு கையிலும் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கல்யாணம் பேசின காலத்தில்தான் பக்கத்துக் காம்பராப் பெரியம்மா சொன்னாள். அம்மா அப்போது புதிதாகப் பேர் பதிந்த குமரி. கொழுந்து நிறுக்க மடுவத்தில் எல்லோரும் நிற்கிறார்கள், மழை கொட்டுகிறது. டிராக்டரின் குழாய் வாயைப் பிளந்துகொண்டு நனைகிறது. டிரைவர் தன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார். அம்மா தேத்தண்ணி கொண்டுபோன டின்பால் டப்பாவைக் கொண்டுபோய் நீட்டி, “மழ வருது, கொழாய மூடுங்க” என்றாளாம். அதுதான் அவள் அப்பாவிடம் பேசின முதல் பேச்சு. அதற்குப் பிறகு எந்த மலையில் கொழுந்தெடுத்தாலும், முடக்கில் அந்த டப்பா குழாயில் இடிபடுகிற சத்தம் கேட்டதும் இவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே என்று பெரியம்மா அந்த வயதிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? அப்பா போய்க் குழாயை மூடிவிட்டு, நனைந்துகொண்டே அங்கேயே நின்றார். பிறகு வந்தார். மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். தலைக்கு மேலே புதுத் தகரத்தில் மழை ஓவென்று பெய்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அம்மா ரொட்டியைப் பிய்த்து நேராக அப்பாவின் தட்டில் போட்டாள். அப்பா சாப்பிட்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மறுபடியும் சண்டையாகிவிடுமோ என்ற பயத்தில் என் உத்தியோகத்தை நானே எடுத்துக்கொண்டேன்.

“அப்பா, அம்மாகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா நெருப்பைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

“ஒண்ணுமில்ல ஆயி. எல்லாம் சொல்லியாச்சு” என்றார் அப்பா.

எப்போது சொன்னார்கள்? இவ்வளவு நேரமும் நடுவில் நின்றது நான். என் காதில் மழையைத் தவிர வேறொன்றும் விழவில்லையே.